கொம்பனித்தெருவில் ஓர் அல்லங்காடி

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையைப் பாடஞ் சொல்லும்போது ஓரிடத்தில் மாணாக்கர் முகம் வாடுவதை ஆண்டுதோறும் கண்டு வருகிறேன். இந்திர விழா முடிந்த வைகறையில், இருள் முற்றும் புலராமுன், கோவலனும் மாதவியும் கடற்கரைக்குச் செல்கின்றனர். நெய்தலங்கானலை அடைந்தவர் கண்ணுக்கு முதலில் தெரிவன விளக்குகள். இளங்கோவடிகள் அவற்றைப் பொதுப்பட 'விளக்குகள்' என்று சொல்லி அப்பாற் போய்விடவில்லை. வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, கம்மியர் விளக்கு, காழியர் விளக்கு, கூவியர் விளக்கு, கள் விற்கும் பெண்ணின் கடைவிளக்கு, மீன் விற்போர் விளக்கு, கலங்கரை விளக்கு, பரதவர் திமிலில் வைத்த விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டினர் அணையவிடாது காக்கும் விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு என்று ஒன்றொன்றாய்த் தொட்டுக் காட்டுகிறார். இத்தனை விளக்கும் ஒருங்கு கூடியதனால், மாவைத் தூவினாற்போன்ற நுண்மணலிலே ஒரு வெண்சிறுகடுகு விழுந்தாலும் கண்டெடுக்கலாம் என்பது அவர் கருத்து.

இதனைப் பிள்ளைகள் பட்டியலாகவே படிக்கின்றனர். விளக்குப் பத்தும் பாடமாகிவிடும். ஒரு விளக்கேனும் எரியாது. அவர்கள் மேற் குற்றமில்லை. மாலை ஆறு மணிக்குக் கடைக்கதவு சாத்தும் ஊரிற் பிறந்தவர்கள் அவர்கள். இரவெல்லாம் விழித்திருக்கும் அங்காடியை அவர்கள் எங்கே காண்பது?

காழியர் என்போர் பிட்டு வாணிகர். கூவியர் என்போர் அப்ப வாணிகர். உரைகாரர் சொல்லும் பொருள் இது. கூவியரை மதுரைக்காஞ்சியிலும் காணலாம். மாங்குடி மருதனார் மதுரையின் இரவை யாமம் யாமமாகப் பகுத்துப் பாடும்போது, நகரம் ஓய்ந்து உறங்கும் வேளையில், அப்ப வாணிகர் தம் பண்டங்களோடு இருந்தபடியே தூங்கி விழுவதைக் காட்டுகிறார். அவர்கள் விற்ற மெல்லிய அடைக்கு அவர் கூறும் உவமை தேன்கூடு. கண்கண்ணாய்த் துளை விழுந்த அடை அது. நாள் முழுதும் போர்க்களமும் அரண்மனையும் பாட வல்ல புலவர் ஒருவர், அடையிலுள்ள துளையையும் தூங்கிவிழும் வியாபாரியையும் மறவாது பாடியிருக்கிறார். பகலிற் கூடும் கடையை நாளங்காடி என்றும் இரவிற் கூடும் கடையை அல்லங்காடி என்றும் தனித்தனிப் பெயரிட்டு வழங்கிய மக்களுக்கு அஃது இயல்பேயாம்.

அல்லங்காடிக்கு உரை வேண்டுவோர் அகராதியைப் புரட்டுவதிலும் கொழும்புக் கொம்பனித்தெருவுக்கு ஒருமாலை போய்வருவது நன்று. விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்பில் தங்கியிருந்த நாட்களில் எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. என்னிடம் முன்னர்ப் பாலபண்டிதர் வகுப்பிற் படித்து, இப்போது கொழும்பில் ஒரு வங்கியிலே பணிபுரியும் இளைஞர் ஒருவர் அழைத்துச் சென்றார். "ஐயா, வெள்ளவத்தையிலை சைவக்கடை எத்தினையோ இருக்கு. அங்கை வந்து நீங்கள் என்ன சாப்பிடப் போறியள்?" என்று அவர் முதலிலே தயங்கினார். சாப்பிடுதல் இரண்டாம் பட்சம், பார்த்தல் முதற் பட்சம் என்றேன். வெள்ளவத்தையிற் புகையிரதம் ஏறிக் கொம்பனித்தெரு நிலையத்தில் இறங்கினோம். கடலை ஒட்டி வரும் புகையிரதம் நகருக்குள் நுழைந்து, கோட்டையைத் தொடுவதற்குச் சற்று முன் நிற்குமிடம் அது. பழைய மர வேலைப்பாடு அமைந்த சிறு நிலையம். அதனை விட்டு வெளியே வந்தவுடன் மூக்கு முதலில் விழித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் பேரை ஏரியின் பாசி வாடை; மறுபக்கம் நெய்யும் கறுவாவும் வெங்காயமும் பொரியும் வாசனை.

இத்தெருவின் பெயர்க் கதையைச் சொல்லாமல் மேலே போதல் ஆகாது. ஆங்கிலத்தில் இவ்விடத்துக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் 'அடிமைத்தீவு' என்று பொருள்படுவது. ஒல்லாந்தர் தாம் கொண்டுவந்த ஆபிரிக்க அடிமைகளைப் பகலிலே கோட்டையில் வேலைவாங்கி, இரவிலே ஏரிநீர் சூழ்ந்த இந்நிலத்தில் அடைத்துவைத்தனர். தப்பி ஓடாதபடி ஏரியில் முதலைகள் இருந்தன என்று கதையும் சொல்வர். 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் ஆங்கிலப் பெயர்ப்பலகையிலிருந்த அடிமைக்கு அதன்பின் நூற்றெழுபது ஆண்டு கழிந்தும் விடுதலை கிடைக்கவில்லை. அண்மைக் காலத்திலேதான், ஆங்கிலத்திலும் கொம்பன்னவீதிய என்றே எழுதுதல் வேண்டும் என்று அரசு பணித்தது. தமிழரும் சிங்களவரும் எக்காலத்தும் அடிமையை வாயில் வைத்ததில்லை. நமக்கு அது கொம்பனித்தெரு, அவர்களுக்குக் கொம்பன்னவீதிய. அந்தக் 'கொம்பனி' ஒல்லாந்த வணிகக் கொம்பனியா, படையின் ஒரு பிரிவாகிய கொம்பனியா என்பதில் ஆராய்ச்சியாளர் இருதிறப்படுவர். இரண்டுக்கும் இங்கே இடமிருந்தது என்பதுமட்டும் உறுதி.

படை என்றது மலாயர் படையை. ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட பிரபுக்களையும் கூலிக்குப் போர் செய்யும் வீரர்களையும் இலங்கைக்குக் கொணர்ந்தனர். ஆங்கிலேயர் அவ்வீரர்களைத் தம் படையிற் சேர்த்தனர். இலங்கை றைபிள் படை எனப் பெயர்பெற்ற அது 1873இற் கலைக்கப்பட்டது. படை போயிற்று, தெருக்களின் பெயர் போகவில்லை. றைபிள் வீதி, மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்று நடந்துகொண்டே அந்தச் சரித்திரத்தைப் படிக்கலாம். வேகந்தைப் பள்ளிவாசல், நாடுகடத்தப்பட்டு இங்கு வந்த பண்டான் பாலி என்பார் 1786இல் எழுப்பியது. கியூ வீதியிற் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் இராசகோபுரத்தோடு விளங்குகிறது. ஏரியின் நடுவே சீமாமாலகம் என்னும் பௌத்த மண்டபம் நிற்கிறது. கட்டடக்கலைஞர் ஜெப்றி பாவா 1970களில் அமைத்த அம்மண்டபத்துக்குப் பொருள் உதவியவர், மகனை இழந்த ஒரு முஸ்லிம் வணிகர். கொழும்பு மாநகர முதல்வராக விளங்கிய தமிழர் குமாரன் இரத்தினத்தின் பெயரை ஒரு வீதி தாங்குகிறது. இவ்வளவும் கால்மணி நேர நடைக்குள்.

யாழ்ப்பாணத்தார்க்குச் சாவகர் புதியவரல்லர் என்பதை இடையே சொல்லிவைக்கிறேன். நம் சாவகச்சேரி, சாவகர் சேரி என்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். சந்திரபானு என்னும் சாவக மன்னன் படையோடு இலங்கையில் இறங்கியது 1247இல். அதற்கும் முன்னே மணிமேகலையில் ஆபுத்திரன் அமுதசுரபியோடு கப்பல் ஏறியது, பசியால் வாடிய சாவக நாட்டாருக்குச் சோறிடவே. அவனை மணிபல்லவத்தில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. மணிபல்லவம் நம் நயினாதீவு என்று கொள்வார் உளர். சோறு கொண்டு புறப்பட்டவன் பாதி வழியில் நின்றுபோனான். பல நூற்றாண்டு கழித்துச் சாவகரே தம் சோற்றைக் கொண்டு இங்கு வந்துவிட்டனர்.

இரவு ஏழரை மணியளவில் தெரு நிறைந்துவிட்டது. மஃரிப் தொழுகை முடித்து வருவோர், அலுவலகம் விட்டு வருவோர், பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு அப்பம் வாங்க வரும் தாய்மார், முச்சக்கரவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றபடியே உண்போர் என எல்லாரும் அங்கே. எவரும் எவரையும் வழிவிடும்படி கேட்பதில்லை. தோளைச் சற்றுச் சாய்த்தால் வழி பிறந்துவிடும். ஒவ்வொரு கடை முகப்பிலும் ஓர் இரும்புத் தட்டம், அதன்முன் இரு கையிலும் இரண்டு தகடு பிடித்த ஓர் இளைஞன். கொத்துரொட்டி ஆகிறது. ரொட்டியும் முட்டையும் காய்கறியும் இறைச்சியும் ஒன்றாய்க் கொத்துண்ணும் ஓசை தெரு முழுவதையும் ஆள்கிறது. முதலில் வெறும் இரைச்சலாக இருந்தது. சற்று நின்று கேட்டால் ஒவ்வொரு கடைக்கும் தாளம் வேறு. வீட்டுக்காரப் பெண் ஒருத்தி கண்ணாற் பாராமலே, "இது மூலைக்கடைக் கொத்து" என்று பிள்ளைக்குச் சொன்னதை என் காதாற் கேட்டேன். கொத்துதல் நம் வினைச்சொல். சிங்களவரும் அதனை அப்படியே எடுத்துக் 'கொத்து' என்றே வழங்குகின்றனர்.

இளைஞர் தமக்குப் பழக்கமான ஒரு கடைக்கு அழைத்துப் போனார். மூன்று மேசை, ஒரு வாங்கு, வாசலிலே வரிசையாக ஆறு அப்பச்சட்டி. கடையின் முதலாளி அறுபது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெரியவர். என் நெற்றியையும் வேட்டியையும் ஒருமுறை பார்த்தார். "வாங்க மாஸ்டர், இருங்க" என்று மேசையைத் தாமே துடைத்தார். பிறகு நான் கேளாமலே, "உங்களுக்கு நம்ம கட்டச்சம்பல் சரிவராது, மாசி போட்டிருக்கு. கொஞ்சம் பொறுங்க" என்று உள்ளே போய், வேறு அம்மியில் மிளகாயும் வெங்காயமும் உப்பும் புதிதாக அரைப்பித்து, எலுமிச்சம்புளி விட்டுக் கொண்டுவந்து வைத்தார். சைவ உணவினர் பிற ஊரில் உண்ணப்போனால், 'இதிற் கருவாடு உண்டா, அதில் முட்டை உண்டா' என்று விசாரணை செய்வதிலேயே பாதிப் பசி தீர்ந்துவிடும். இங்கே விசாரணை அவர் பக்கத்திலிருந்து வந்தது.

பாலப்பம் சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு வந்தது. ஓரம் பொன்னிறச் சருகு. நடு வெண்மையாய்ப் பஞ்சு. நடுவிலே கண்கண்ணாய்த் துளை. மருதனார் ஏன் தேன்கூட்டைத் தேடிப் போனார் என்பதற்கு இதற்குமேல் விளக்கவுரை எவர் எழுத வல்லார்? மாவைச் சட்டியில் ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றி மூடிவைக்கிறான் அப்பம் சுடுபவன். ஆறு சட்டிக்கும் ஒரே கை. முதற்சட்டியை மூடியவன் ஆறாவதுக்குப் போய்த் திரும்பும்போது முதலாவது வெந்திருக்கும். கணக்கு ஒரு நொடி தவறினால் ஓரம் கருகும். நான் இருந்த இரண்டு மணி நேரத்திற் கருகியது ஒன்றுமில்லை.

என் மாணவர் எதிரே இருந்து நசி கோரெங் உண்டார். நசி என்றால் சோறு; கோரெங் என்றால் பொரித்தல். பக்கத்து மேசையிற் பிட்டும் பபத்தும். பபத் என்பது மாட்டின் இரைப்பையிற் செய்த கறி. மலாயர் வீட்டு விருந்துக்குரியது. அதன் சுவை பற்றி நான் கருத்துச் சொல்வதற்கில்லை. அதனோடு சேர்ந்திருந்த பிட்டைப் பற்றிச் சொல்லலாம். மலாய் மொழியில் அதற்குப் 'புட்டு' என்றே பெயர். காழியர் கடல் கடந்து போயிருக்கின்றனர். மாறாக, நாம் பிட்டோடு நாள்தோறும் உண்ணும் சம்பல் மலாய்ச் சொல். யாழ்ப்பாணத்து அடுப்படியில் விடியற்காலையில் அம்மிமேல் ஏறும் அந்தச் சொல் சாவகத்திலிருந்து வந்தது என்றால், நம்மிற் பலர் நம்பமாட்டார். வட்டிலப்பம் இன்னொரு புதுமை. மலாயர் நமக்குத் தந்த இனிப்பு என்று எல்லாரும் சொல்லுவர். ஆனாற் பெயரோ வட்டிலில் வார்த்த அப்பம் என்று தெளிவான தமிழ். பண்டம் ஒருவருடையது, பெயர் ஒருவருடையது, உண்ணும் வாய் எல்லாருடையதும்.

இவற்றினும் எனக்குச் சுவையாயிருந்தது 'கடை' என்னும் சொல். தமிழர்க்குக் கடை. சிங்களவர் அதையே 'கடே' என்பர். மலாயர் 'கெடாய்' என்பர். இரண்டும் தமிழிலிருந்து சென்றவை. அந்தச் சிறு வாசலில், மூன்று மொழிக்காரர் மூன்று விதமாகக் கேட்டாலும், கேட்டது ஒரே சொல். இலக்கணத்திலே திசைச்சொல் என்று ஓர் இயல் படிப்பிக்கிறோம். திசைச்சொல் வருவது மட்டுமன்று, போவதுமுண்டு என்பதற்கு இந்தத் தெரு போதிய சான்று.

இப்படி நானும் மாணவரும் பேசிக்கொண்டிருந்ததை வாங்கிலிருந்த முதியவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. தலையிலே கறுப்புத் தொப்பி. கையிலே நேற்றைய பத்திரிகை. "எங்கட பாஷையைப் பத்திப் பேசுறீங்களா?" என்று தமிழிலே கேட்டார். மலாயர். பாட்டன் காலம் முதல் இத்தெருவில் வாழ்ந்தவர். முதலாளியோடு தமிழ், அப்பம் சுடும் பையனோடு சிங்களம், தனக்குத்தானே மலாய் என்று மூன்று மொழியும் அவர் நாவில் இருந்தன. "மலாயிலே பேச இப்ப ஆள் இல்ல, மாஸ்டர். பொஞ்சாதி இருந்தா. மூணு வருஷம் ஆச்சு. பேரனுக்கு 'மாக்கான்' மட்டும் விளங்கும்" என்றார். மாக்கான் என்றால் உண்ணுதல். மொழி ஒன்று ஒரு வீட்டை விட்டுப் போகும்போது, கடைசியாகச் சமையலறையில் நின்று திரும்பிப் பார்க்கும் போலும்.

நான் அவருக்கு ஒரு செய்தி சொன்னேன். 1869இல் இதே கொழும்பில் பாபா யூனுஸ் சல்தின் என்னும் மலாயர், 'ஆலமத் லங்காபுரி' என்ற பத்திரிகையை மலாய் மொழியில், அரபு எழுத்திலே, கல்லச்சில் வெளியிட்டார். உலகிலே மலாய் மொழியில் எழுந்த மிகப் பழைய பத்திரிகைகளுள் அதுவும் ஒன்று. மலாயாவிலே தோன்றியிருக்கவேண்டியதுதானே என்று நினைக்கத் தோன்றும், தோன்றியது இலங்கையில். பெரியவர்க்குச் சல்தின் பெயர் தெரிந்திருந்தது. பத்திரிகையைக் கண்டதில்லை. "அரபு எழுத்திலயா? என்ட வாப்பாக்கு அந்த எழுத்துத் தெரியும்" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியாது" என்றார். அப்பத்திரிகையைப் பற்றி மேலும் கேட்டுக்கேட்டு, என் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கி, ஆண்டையும் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேரனுக்குக் காட்டவாம்.

அவர் வீடு ஜாவா ஒழுங்கையில் இருந்தது. இருந்தது என்று இறந்த காலத்திற் சொல்கிறேன். 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டது முதல் இத்தெருவின் நிலம் கைமாறத் தொடங்கியது. நகரின் நடுவேயுள்ள விலைமதிப்பற்ற நிலம். அதிற் சிறு வீடுகளில் ஏழை மக்கள். கணக்குப் பார்ப்பவர் கண்ணை அது உறுத்தாமல் இராது. அடுத்த ஆண்டுகளில் ஜாவா ஒழுங்கையும் அதனைச் சூழ்ந்த இடங்களும் பெருங்கட்டடத் திட்டத்துக்காக எடுக்கப்பட்டன. குடும்பங்கள் வாடகை வீடுகளிற் சிதறிப் பல ஆண்டு காத்திருந்தபின் தொடர்மாடிக்கு வந்தன. பெரியவரும் அவ்வாறே வந்தவர். இப்போது மகளோடு உயரத்தில் வசிக்கிறார். "ரூமா எங்கே?" என்று எனக்குத் தெரிந்த இரண்டொரு மலாய்ச் சொல்லில் ஒன்றை வைத்துக் கேட்டேன். ரூமா என்றால் வீடு. அவர் கையைப் பக்கவாட்டிற் காட்டவில்லை, மேலே காட்டினார்.

இவ்விடத்தில் என் மாணவருக்கும் எனக்கும் வாதம் மூண்டது. அவர் சொன்னது புறக்கணிக்கத்தக்கதன்று. "ஐயா, பாத்திட்டுப் போறவைக்கு ஒழுங்கை வடிவுதான். ஒரு குழாய்த் தண்ணிக்கு எத்தினை குடும்பம் வரிசையிலை நிண்டது தெரியுமோ? மழை பெய்தால் வீட்டுக்குள்ளை வெள்ளம். இப்ப அவையளுக்குத் தனிக் குளியலறை இருக்கு" என்றார். பெரியவரும் அதை மறுக்கவில்லை. வீடு நல்ல வீடு என்றார். காற்று வருகிறது, கடல் தெரிகிறது. ஆனால் மாலையானால் மகள் எவ்வளவு சொல்லியும் மின்தூக்கியில் இறங்கி இந்த வாங்குக்கு வந்துவிடுகிறார். மேலே அயலவர் முகம் தெரியாதாம். முன்பு ஒழுங்கையிற் சமைத்த கறி நாலு வீட்டுக்குப் போகும். இப்போது கதவு சாத்தியிருக்கிறது, யாருக்குக் கொடுப்பது என்று கேட்டார்.

வீட்டை மட்டும் கணக்கிட்டால் என் மாணவர் சொல்வது சரி. தெருவையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும் என்பது என் கட்சி. இத்தெருவிலே உணவு நன்றாயிருப்பது சமையற்காரன் கைத்திறனால் மட்டுமன்று. வீடு சிறிது, அடுப்படி அதனினும் சிறிது. ஆகவே மக்கள் மாலையில் வெளியே வந்தனர், வெளியே உண்டனர், ஒருவர் கறியை ஒருவர் கற்றனர். ஒருவர் சொல்லையும் ஒருவர் கற்றனர். வேற்றுமொழியாளர் கலந்து இனிது வாழ்ந்த மருவூர்ப்பாக்கத்தை அடிகள் பாராட்டுகிறார். அவ்வாறு கலப்பதற்கு மண்ணிலே ஓரிடம் வேண்டும். அந்த இடத்தை வரைபடத்திற் குறிக்காமலே கட்டடம் எழுப்பினால், நல்ல சுவரும் நல்ல குழாயும் மிஞ்சும். தண்ணீர்க்குழாய் வேண்டுமென்பதற்காக ஒழுங்கையை இழக்கவேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. ஒழுங்கைக்கே குழாயைக் கொண்டுவந்திருக்கலாம். மாணவர் இதற்கு உடன்படவில்லை. செலவுக் கணக்கு ஒன்று சொன்னார். வங்கியிற் பணிபுரிபவரல்லவா!

எரிந்த விளக்கு ஒன்றைப் பற்றியும் பெரியவர் பேசினார். றியோ படமாளிகை. தமிழர் குடும்பம் ஒன்றுக்கு உரியது. 1965இல் 70 மில்லிமீற்றர் அகலப்படம் காட்டும் அரங்காக அது திறந்தபோது கொழும்பே திரண்டு வந்ததாம். இவர் அப்போது இளைஞர். வரிசையில் நின்று அடிபட்டு உள்ளே போனதைக் கைகளால் நடித்துக் காட்டினார். இரவுக் காட்சி விட்டதும் சனம் முழுவதும் இந்தக் கடைகளுக்கு வரும். மாப்பானை இரண்டுமுறை நிறைக்கவேண்டி வரும் என்று முதலாளி ஒத்தூதினார். 1983 யூலையில் அதனை எரித்தனர். பக்கத்தே உயர்ந்து நின்ற அதன் விடுதியும் எரிந்தது. எரிந்த கூடு முப்பது ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றது. 2015இல் கொழும்புஸ்கோப் கலைவிழாவினர் அந்தப் பாழ் அறைகளிற் படைப்புகளை வைத்தபோது பலர் அதனுள் நுழைந்து பார்த்தனர். "அண்டைக்கு ராவு நாங்க கடைய மூடினோம். அதுக்குப் பிறகு ரெண்டாம் ஆட்டம் விட்டு வர்ற சனத்தைக் காணல்ல" என்றார் முதலாளி. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் அப்பச்சட்டியைப் பார்த்தார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

உண்டபின் அயலைச் சற்றுச் சுற்றினோம். ஏரிப்பக்கமாகப் பார்க் வீதியை அடுத்த ஒழுங்கையிற் பழைய பண்டசாலைகள் உணவுச்சாலைகளாகவும் மதுச்சாலைகளாகவும் மாறியுள்ளன. மங்கிய ஒளி, உயர்ந்த விலை, காதை அடைக்கும் இசை. அடிகள் கள் விற்பவளின் விளக்கையும் விடாது எண்ணியிருத்தலின் நானும் அதனைக் குறித்துவைக்கிறேன். அதற்குமேல் எனக்கு அங்கே அலுவல் இல்லை. வானத்தில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து களைப்பாறுவது போன்ற இரட்டைக் கோபுரம் ஒன்று விளக்கேற்றி நின்றது. அப்பால், மாபெரும் விடுதியும் சூதாட்ட மண்டபமும் சேர்ந்த கட்டடம் பகல்போல் ஒளிவீசியது. ஒளிக்குக் குறைவில்லை. ஆனால் எந்த விளக்கு எவருடையது என்று சொல்ல முடியாத ஒளி அது. அடிகள் இன்று வந்தால் எண்ணுவதற்கு இடர்ப்படுவார்.

சில சுவர்களில், அங்கே வாழ்ந்த சாதாரண மனிதர்களின் முகங்களை ஓவியர் பெரிதாகத் தீட்டியுள்ளனர். இளம் ஓவியர் சிலர், 'நாங்கள் இவ்விடத்தார்' என்று பொருள்படும் பெயரிட்டுச் செய்த பணி. மழையில் நிறம் கரைந்த ஒரு முகத்தின் கீழே, இரண்டு சிறுவர் தெருவிளக்கு வெளிச்சத்திற் கிரிக்கெற் ஆடினர். ஒருவன் சிங்களத்திலே திட்டினான். மற்றவன் தமிழிலே விடையிறுத்தான். ஆட்டம் தடைப்படவில்லை.

திரும்பிக் கடைக்கு வந்தபோது பத்தரை மணி. கூட்டம் குறைந்திருந்தது. ஆறு சட்டியில் இரண்டுதான் அடுப்பில் இருந்தன. அப்பம் சுடும் இளைஞன் ஒரு சிறு முக்காலியில் இருந்தபடி கண்ணயர்ந்திருந்தான். அகப்பை கையில் இருந்தது. மதுரைக்காஞ்சியின் கூவியன்! அருகிருந்த மாணவரைத் தொட்டுக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு சிரித்தார்; வகுப்பில் அவ்வடிகளைப் படித்தபோது சிரித்ததாக எனக்கு நினைவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "முட்டையப்பம் நாலு" என்றார். கண் முழுதும் திறவாமலே அவன் கை மாப்பானைக்குப் போயிற்று.

மலாய்ப் பெரியவர் வாங்கில் இல்லை. மகள் தொலைபேசியில் அழைத்ததும் போய்விட்டாராம். பணம் கொடுக்கப் போனபோது முதலாளி மாணவரின் உணவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, என் அப்பத்துக்கும் தேநீருக்கும் உரியதைத் திருப்பித் தந்தார். படிப்பிக்கிற மனிதரிடம் முதல்முறை வாங்குவதில்லை என்பது அவர் தகப்பனார் வைத்துப்போன வழக்கமாம். இரண்டாம் முறை வந்தால் வாங்குவீர்களா என்று கேட்டேன்.

"கட்டாயம் வாங்குவேன். நோம்பு மாசத்தில வாங்க மாஸ்டர். சஹர் வரைக்கும் தெரு தூங்காது. கஞ்சி காய்ச்சுவோம். உங்களுக்கு இறைச்சி போடாம வேறயா ஒரு சட்டி வைக்கிறேன்" என்றார்.

அடுத்த நோன்பு மாதத்தில் விடைத்தாள் திருத்தும் பணி வருமா என்று திணைக்களத்துச் சுற்றறிக்கையைப் பார்க்கவேண்டும்.